இரண்டாம் குழி

வெருலத்துக்குக் கீழே, பள்ளத்தாக்கில்,
குபேந்திரன் படையாச்சி வாங்கிய மனையில்
இது இரண்டாவது குழி.
முதலாவது சாலையோரம். அங்கே எல்லாம் சரி,
சிவப்பு மணல், உலர்ந்தது, வாய் திறக்காதது.

இதில் நான் இறங்கி நிற்கிறேன்.
இரண்டு மீட்டர் பத்து.
ம்தோகோசிசி ஜேசிபியை அணைத்துவிட்டான்.
நான் உள்ளே இருக்கும்வரை சாவியைத் தொடமாட்டான்,
விளிம்புக்கு வந்து எட்டியும் பார்க்கமாட்டான்.

சுத்தியலின் கூர்முனையால் சுவரைக் கீறி
மேலிருந்து கீழாகப் படிக்கிறேன்.
ஒரு சாண் கரும்புக்காலத்துக் கருமண்,
வேர்கள், ஒரு சோடா மூடி.
பிறகு பழுப்பு. பெருவிரல் அழுத்தினால் பதிகிறது,
நகம் இழுத்தால் மினுங்குகிறது.
களி.
படிவத்தில் ஆறு கட்டங்கள்.
ஐந்தைக் கையும் கண்ணும் நிரப்பிவிடும்.
ஆறாவது, பூர்வீகம்.
சரிவிலிருந்து உருண்டு வந்ததா,
இங்கேயே பாறை மக்கி மண்ணானதா?
‘வந்தது’ என்று எழுதுகிறேன்.
எப்போது என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை.

மேலே நின்று குபேந்திரன் குரல் கொடுக்கிறார்:
“தண்ணி ஒண்ணும் இல்லையே, மேடம்?”
தரைக்கு அடியில் இரண்டு கார் நிறுத்தம்,
அதன்மேல் இரண்டு மாடி,
மகளுக்குத் தனி வாசல்.
வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருக்கிறார்,
குடை மாதிரி.
அவர் முதுகுக்குப் பின்னால் எதிர்ச்சரிவில்
அந்த ஏப்ரல் இறங்கிப் போன தடம்
இன்னும் புல் மூடாமல்.

ஒன்று எண்பதில்,
களி முடிந்து பாறை தொடங்கும் கோட்டில்,
சுவர் வியர்க்கிறது.
ஊற்று என்று சொல்லமுடியாது. பொசிவு.
நூல்போல் இறங்கி என் பூட்ஸ் பக்கத்தில்
தேநீர்த் தட்டளவு தேங்கி,
அதில் ஒரு துண்டு வானம், ஒரு துண்டு குபேந்திரன்.
முகர்ந்து பார்த்தேன். லேசாகச் சோப்பு.
மேல்வீட்டுச் சலவையாகவும் இருக்கலாம்.
புட்டியில் பிடித்துத் தேதி ஒட்டினேன்.

“போன வாரத்து மழை அது. காய்ஞ்சிடும்.
எழுதவேண்டாமே.”

களியில் ஒரு கட்டியை உடைத்து மேலே நீட்டினேன்.
சாம்பல் நிறம், ஊடே துரு.
ஈரமும் காற்றும் மாறி மாறிக்
குடிவந்து காலிசெய்த இடம் இப்படித்தான் ஆகும்.
ஒரு வாரத்து வேலை இல்லை இது.
அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக்
கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.
எதற்கென்று தெரியவில்லை.

கீழ் மூலையில் யாரும் நடாத மடும்பி
யானைக்காது இலைகளை விரித்திருந்தது.
காரை நிறுத்தியபோதே பார்த்துவிட்டேன்.
ஆனால் ஒரு இலையைச் சாட்சியாக
அறிக்கையில் சேர்க்கமுடியாது.
அதனால் பக்கத்தில் துளையிட்டு,
ஓட்டைபோட்ட வெள்ளைக் குழாயை இறக்கி,
சுற்றிலும் சல்லி கொட்டினோம்.

மறுநாள் காலை எட்டு நாற்பது.
இரவில் ஒரு தூறல்கூட இல்லை.
அளவு நாடாவை அவரிடமே கொடுத்தேன்.
நுனி நீரைத் தொட்டால் சத்தம் வரும் என்றேன்.
ஒன்று எண்பதை நினைத்து நிதானமாக விட்டார்.
தொண்ணூறு சென்டிமீட்டரிலேயே கீச்சென்றது.
இழுத்தார். மறுபடி விட்டார். கீச்.
மறுபடி.
கட்டாத வீட்டின் அழைப்பு மணியை
அழுத்தி அழுத்தி நிற்பவர்போல.
உள்ளே ஆள் இருந்தது.

“பம்ப் வெச்சா?”
வைக்கலாம்.
“கரண்ட் போனா?” அவரே கேட்டு
அவரே சிரித்தார், இரண்டு நாளில் முதல்முறையாக.

அடித்தளத்தில் கார் வேண்டாம்,
தூண்மேல் நிறுத்துங்கள்,
சரிவுக்குக் குறுக்கே வடிகால் வெட்டுங்கள்:
இதெல்லாம் பதினோராம் பக்கத்தில் வரும்.
இப்போதைக்கு நீர், 0.90 என்று மட்டும் எழுதினேன்.
பேனா சேற்றில் வழுக்கியதால்
சுழியம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ம்தோகோசிசி வேலியோரம் குனிந்து
மடும்பிக் கிழங்கு நாலைப் பிடுங்கி
டயரில் தட்டி மண் உதிர்த்தான்.
குபேந்திரன் பார்த்துக்கொண்டே இருந்தார்.
“எனக்கும் ரெண்டு போடு,” என்றார்.