வலையில் ஒரு முடிச்சு

இந்த ஊரில் பாடத்திட்டத்துக்கு வலை என்று பேர்.
மீன் பிடிக்கிற வலை,
கோல் கம்பத்தில் தொங்குகிற வலை,
கணினிப் பொறியியலின் பத்து அரையாண்டு,
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

கொன்செப்சியோனில் மழை விடாத ஜூலை.
மூன்றாம் மாடிப் பதிவு அலுவலகம்.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான்.
நிரல் எழுத எனக்கு ஒரு வரியும் தெரியாது.
ஆனால் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு
அம்பு போகிறதென்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நுண்கணிதம் ஒன்று இல்லாமல் நுண்கணிதம் இரண்டு இல்லை.
அது இல்லாமல் நிகழ்தகவு இல்லை.
நிகழ்தகவு இல்லாதவர்கள்
இயந்திரக் கற்றலின் வாசலில் நிற்க வேண்டியதுதான்.
நிரலாக்க அறிமுகம் தாண்டினால் தரவுக் கட்டமைப்பு,
அதைத் தாண்டினால் படிமுறைகள்.
இயங்குதளமும் கணினி வலையமைப்பும்
ஆறாம் பத்தியில் தோள் இடித்துக்கொண்டிருக்கும்.
பௌதிகம் எதற்கு என்று
வருஷத்துக்கு நாற்பது பேர் கேட்பார்கள்.
எனக்கும் தெரியாது. பச்சைப் பெட்டி, கட்டாயம்.

ஏழுக்கு நாலு வாங்கினால் தேர்ச்சி.
என் கண்ணாடியைத் தட்டுகிறவர்கள்
மூன்று புள்ளி ஒன்பது வாங்கியவர்கள்.

அயெலென் கட்ரிலேயோ தட்டினாள்.
படிமுறைகள், மூன்று புள்ளி ஒன்பது.
அந்தப் பாடம் மார்ச்சில் மட்டும்தான் திறக்கும்.
ஒரு பெட்டி விழுந்தால் பின்னால் ஆறு பெட்டி சாயும்,
ஒரு தசமத்துக்கு ஒரு வருஷம்.
விரலால் அம்புகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.
அழவில்லை.
லோட்டாவிலிருந்து பேருந்தில் வருகிறவள்,
நனைந்த குடையை மடக்கி,
"இந்தத் தாளின் கோப்பு கிடைக்குமா?" என்றாள்.
கைக்கு அகப்பட்டது புதிய திட்டம். அவளுடையது பழையது.
பரவாயில்லை என்று வாங்கிப் போனாள்.

எட்டாம் நாள் திரும்பி வந்தாள்.
"நான் கோட்டைவிட்ட கேள்வியே இதுதான்,
எதற்கு முன் எது என்று அடுக்குவது.
உங்கள் வலையை வைத்துப் பழகிப் பார்த்தேன்.
நிரல் பாதியில் நின்றது.
என் தப்பு என்றுதான் மூன்று ராத்திரி தேடினேன்."

நீட்டிய தாளில் ஒரு சிவப்பு வட்டம்:
மென்பொருள் பொறியியலுக்கு முன் தரவுத்தளம்.
தரவுத்தளத்துக்கு முன் தகவல் அமைப்புகள்.
தகவல் அமைப்புகளுக்கு முன்
மென்பொருள் பொறியியல்.
வாசலில் மூன்று பேர்,
நீ முதலில் போ, நீ முதலில் போ.

ஒன்றரை வருஷமாகச் சுவரில் தொங்குகிறது.
பேரவை பார்த்தது. டீன் கையெழுத்திட்டார்.
அங்கீகாரக் குழு காபி குடித்தபடி பாராட்டியது.
முதல் கூட்டம் இப்போதுதான் மூன்றாம் பத்தியை முடித்திருக்கிறது,
அதனால் யாரும் இன்னும் முட்டிக்கொள்ளவில்லை.
விதிப்படி பார்த்தால்
எவராலும் வாங்க முடியாத பட்டம்.

கடைசி அம்பைத் தட்டச்சு செய்தவள் நான்.
ஒரு வெள்ளிக்கிழமை, மணி நாலே முக்கால்,
ஒரு வரி தள்ளித் தட்டியிருக்கிறேன்.

குழு கூடியது.
எது தப்பான அம்பு என்று எழுந்து சொன்னேன்.
யார் காதிலும் விழவில்லை.
அதற்குள் மூன்று அம்புக்கும் வக்கீல்கள் முளைத்திருந்தார்கள்.
பேராசிரியர் இபாகாசே மேசையைத் தட்டினார்,
அந்த அம்பில்தான் இந்தத் துறையின் தத்துவமே இருக்கிறதாம்.
இரண்டு மணி நேரம் கழித்து
எடுத்தது என் அம்பைத்தான்,
வேறு ஏதோ காரணம் சொல்லி.

நடவடிக்கைக் குறிப்பில்
'ஒரு மாணவி கவனப்படுத்தியதன் பேரில்' என்றிருந்தது.
அதை அழித்து அவள் பேரைப் போட்டேன்,
இரண்டு சொல்லும், எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து.
மூன்று புள்ளி ஒன்பதில் கை வைக்க எனக்கு அதிகாரமில்லை.
குழுவுக்கு இருந்தது. கேட்டேன்.
அது வேறு விஷயம் என்றார்கள்.

மார்ச்சில் வரிசையில் முதலாவதாக நின்றாள்.
ஒரே ஒரு பாடம். பெட்டியில் குறியிட்டேன்.
சுவரில் நான் வெள்ளை மை பூசிய இடத்தைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
அவளுக்குப் பின்னால் நின்ற பொடியன்
கண்ணாடியில் மூக்கை ஒட்டிக் கேட்டான்,
பௌதிகம் எதற்கு என்று.