கழுவப்பட்டது

மூட்டையில் எழுதியிருக்கிறது:
கழுவப்பட்டது.
ஜெர்மனில் ஒரு தரம், பிரெஞ்சில் ஒரு தரம்,
இத்தாலியனில் ஒரு தரம்.
மூன்று தரம் கழுவியும்
முதல் வாளித் தண்ணீர் பால்தேநீர் நிறம்.

இருபத்தைந்து கிலோ, பதினான்கு பிராங் தொண்ணூறு.
புர்க்டோர்ஃப் மேட்டில்
சாருகாவின் பழைய குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிவந்தேன்.
பாதை கடக்கிற இடத்தில் ஒருவர்
குனிந்து முகம் பார்க்க வந்தார்.
நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்த்தார்.

சாருகாவுக்கு இப்போது பதினொரு வயது.
கூழாங்கல் வேண்டாம் என்றது அவள்தான்.
கெளுத்திகள் மீசையால் தடவித்தான் தின்னும் அப்பா,
கல் என்றால் மீசை தேயும்,
தேய்ந்தால் அதுகளுக்குச்
சாப்பாடு எங்கேயென்று தெரியாது.

நிலவறையில் சலவை அறை. சுவரில் அட்டவணை.
நாங்கள் செவ்வாய்.
இன்று புதன். புதன் திருமதி இங்கோல்ட்.
அவர் பத்து மணிக்குத்தான் வருவார்,
அதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.
என்னிடம் இருந்தது அரிசி களைகிற கணக்கு:
மூன்று தண்ணீர், பிறகு உலை.

கால்வாளி மணல். அதற்குமேல் போட்டால் கிளற முடியாது.
குழாயின் வாயை அடிவரை இறக்கி
முழங்கைவரை கையை விட்டுக்
கிளறு, பொறு, சரி.
பாரமானது தங்கும்,
பாரமில்லாதது புகையாய் எழுந்து விளிம்பால் வழியும்.
நான்காம் தண்ணீர் மோர்.
ஏழாம் தண்ணீர் மழைக்குப் பிந்திய எம்மெ ஆறு.
ஒன்பதாவது தெளிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்
கையை அசைத்தேன்,
அடியிலிருந்து இன்னொரு மேகம்.

விரல்கள் வெளுத்து, சுருங்கி,
பன்னிரண்டா பதின்மூன்றா என்று எண்ணிக்கை தவறிய இடத்தில்
கூடையோடு திருமதி இங்கோல்ட்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
தரையில் இருந்த வடிகாலைப் பார்த்தார்.
"இதெல்லாம் அதற்குள்ளேயா போனது?"

என்னிடம் வினைச்சொல் இல்லை.
இருபது வருட ஜெர்மனில்
மணலைப் பற்றிக் கதைக்க வேண்டி வந்ததே இல்லை.
மீன், என்றேன்.
மீசை, என்று உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினேன்.

அவர் கூடையைக் கிளறி
அழுக்குத் தலையணை உறை ஒன்றை எடுத்தார்.
மூலையில் நீல நூலில் இரண்டு எழுத்து.
வடிகால் வாயில் அதை அமுக்கி
மேலே என் ஈர மணலில் ஒரு பிடி வைத்து
"இப்போது ஊற்றுங்கள்" என்றார்.
கடைசி இரண்டு வாளிகளும் அந்த உறைக்குள்ளால் போயின.
போகும்போது சொன்னார்:
"அடுத்த தரம் செவ்வாய்."

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
வாளி வாளியாக ஏற்றி,
பின்னுக்கு உயரம் முன்னுக்குத் தாழ்வென்று
சாருகா உள்ளங்கையால் பரப்பினாள்.
சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து மணல்மேல் வைத்து
அதன் முதுகில் தண்ணீர் ஊற்றினோம்,
மெல்ல, கேத்தலால், நாற்பது தரம்.
இருந்தும் கலங்கியது.
நாலு கிழமைக்கு மீன் விடக் கூடாது என்றாள்.
தண்ணீர் பழக வேண்டுமாம்.

அந்த வெள்ளைப் புகைச்சலுக்கு முன்னால்
கதிரை போட்டு இருந்தேன்.
எதையும் பார்க்க முடியாத ஒன்றை
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
புறப்படும் நேரம் கோப்பையின் விளிம்பு தெரிந்தது.
பக்கத்தில், அவள் பரப்ப மறந்த
ஐந்து விரல் தடம்.
மணலுக்குத்தான் என்றாலும்
விளக்கை எரியவிட்டு வந்தேன்.

இரவு வேலை, பிஸ்கட் தொழிற்சாலை.
வாசலில் கை கழுவும் தொட்டி.
சவர்க்காரம், தூரிகை, மேலே மணிக்கூடு,
முப்பது விநாடி.
பெருவிரல் நகக்கண்ணில் ஒரு மணல் மினுங்குகிறது.
தேய்க்கிறேன். இன்னும் உள்ளே போகிறது.
பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள்.

தாளில் என் பெயருக்கு நேரே
'கழுவப்பட்டது' என்ற கட்டத்தில்
கையெழுத்து வைத்தேன்.