புகைப்புரை

குலசேகரத்தில் இந்த ஆனியில்
வெயில் என்பது
மழை மறந்துவிட்டுப் போகும் இருபது நிமிடம்.

கற்பூரவள்ளி தடித்த இலை.
நனைந்த செருப்பு மாதிரி
உள்ளே இருக்கும் தண்ணீரை விடாது.
மொட்டைமாடியில் விரித்தது கறுத்தது.
கட்டிலுக்கடியில் ஃபேன் காற்றில் கிடந்தது
ஆறு நாள் எடுத்தது,
ஒரு ஓரம் பூத்துப்போனது,
மிச்சம் பச்சை மாறாமல் காய்ந்தது.
கல்லூரி ஆய்வகத்து அவனில், அறுபது டிகிரியில்,
வராந்தா முழுக்க மணத்தது.
எல்லோரும் நல்ல மணம் என்றார்கள்.
வராந்தாவுக்குப் போன மணம்
இலையில் எப்படி இருக்கும்?
அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாலாவது வழி ஆன்றோ அண்ணனுடையது.
ரப்பர் ஷீட் தொங்கும் புகைப்புரையில்
மேல் கம்பியோடு ஒரு மீன்வலைத் துண்டைக் கட்டி
அதில் பரத்தினான்.
"ஒற்ற ராத்திரி, பாரு பிள்ளே, பப்படம் போல நொறுங்குது."
டீப் பாக்கெட்டுக்கு அட்டையும் அடித்துவிட்டான்,
மார்த்தாண்டத்தில், ஆயிரம்:
கிருமிகளைக் கொல்லும்.
சிவப்பு எழுத்து.

ரெண்டு கிராம், கொதிநீர், அஞ்சு நிமிஷம்,
மனுஷர் குடிப்பது போலவே ஊறவைத்து
வடிதாள் வட்டுகளை அதில் முக்கி
கிருமி பரப்பிய தட்டில் வைத்தேன்.
வட்டு மட்டுமே ஆறு மில்லிமீட்டர்.

காலையில் ஸ்கேல்.
வெயில் ஆறு, அதாவது ஒன்றுமில்லை.
அவன் எட்டு.
நிழல் பதினொன்று.
புகை பத்தொன்பது!
நிலா கோட்டை கட்டியது போல
வட்டைச் சுற்றித் தெளிந்த வெளி,
ஒரு கிருமி இல்லை.

அண்ணனுக்கு போன் போட எடுத்தேன். போடவில்லை.

மறுநாள் ராத்திரி
இலையே இல்லாமல்
வெறும் வடிதாளை அந்த வலையில் போட்டுவிட்டு வந்தேன்.
அதையும் ஊறவைத்தேன், அஞ்சு நிமிஷம்.

பதினேழு.

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான் ஆன்றோ.
"அப்போ இலை ஒண்ணும் செய்யலியா?"
"ரெண்டு மில்லிமீட்டர் செய்திருக்கலாம்.
அதுவும் என் கை நடுக்கமாக இருக்கலாம்."
"கொள்ளாம்," என்றான்.
இங்கே அந்தச் சொல்லுக்கு
நல்லது என்றும் பொருள்,
போதும் என்றும் பொருள்.

அட்டையின் பின்பக்கம் வெள்ளை.
இப்போது அதில் பால்வெட்டுக் கணக்கு எழுதுகிறான்.

நான் ஃபேன் அடியில் மறுபடி விரித்திருக்கிறேன்,
இந்த முறை இடைவெளி விட்டு.
மழை நிற்கவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
அளவுகளை எழுதிவைத்த நோட்டும்
ஒரு ராத்திரி புகைப்புரையில் மறந்து கிடந்தது.
முகர்ந்து பார்த்தால்
எழுதியது எல்லாமே
கிருமிகளைக் கொல்லும் போலிருக்கிறது.