பதின்மூன்றாம் அட்டை

ரீயூனியன் தீவு, சென் ஆந்த்ரே. விடாத மழை.
கிஸ்லேன் வேலாயுதோம் மேசையில்
இருபத்தொரு டாரட் அட்டைகள்
இன்னும் காயவில்லை.

தொங்கும் மனிதனைப் பலாக்கிளையில் கட்டிவிட்டாள்;
தலைகீழாய் அவன் சிரிப்பது
கடலைப் பார்த்தா, கடனை நினைத்தா, தெரியாது.
கோபுரத்தை இடிக்க மனம் வரவில்லை,
சர்க்கரை ஆலைப் புகைபோக்கியை இடித்தாள்.

பித்தனுக்கு எண் கிடையாது.
மூட்டையோடு போகிறான், நாய் தொடையைக் கவ்வ,
எந்தப் பதிவேட்டிலும் அகப்படாமல்.

பதின்மூன்று மட்டும் மிச்சம்.
அரிவாளோடு எலும்புக்கூடு.
எண் உண்டு;
பெயர் எழுதும் வழக்கமில்லை.

கரும்பு வரைந்தாள். அரிவாளைச் சிறிதாக்கினாள்.
பிறகு எழுந்துபோய்
ஒரு நகலை எடுத்து வந்தாள்:
கப்பல் பட்டியல்.
48217.
பெயர்க் கட்டத்தில் மைக்கறை.

தூரிகையைக் கழுவினாள்.
அட்டையின் அடியில்
அந்தக் காலியிடத்தைக்
கொஞ்சம் அகலமாக்கினாள்.