ஐந்து ரூபாய்க்கு இருபது நிமிடம்

வடசேரி பேருந்து நிலையத்தில்
தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கழிப்பறை
மூன்றாவது ஒன்றுதான்.
அதற்காகவே இரண்டு பேரை முன்னால் விட்டேன்.

பினுஷா ஜவுளிக்கடைக் கவரில் சுற்றித் தந்தது
ரவிக்கைத் துணிபோலக் கனமில்லாமல் இருக்கிறது.
"சாயா குடிச்சிட்டு உடனே செய்யப்பிடாது, கேட்டியா,
அரை மணிக்கூர் கழியணும்.
மேல் ஈறுல ஒரு இழுப்பு, கீழ் ஈறுல ஒரு இழுப்பு.
ஊசி கெடையாது, ரெத்தம் கெடையாது,
ஒருத்தரும் உன் பேரக் கூப்பிட மாட்டாவ."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் வாங்கினேன்.

போன வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில்
சீட்டோடு உட்கார்ந்திருந்தபோது
ஒரு குரல் கூப்பிட்டது: லீமாறோஸ், இனயம்.
பெயர் போதாதா,
ஊரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டுமா?
எதிர் பெஞ்சில் எங்கள் கோயில் பாட்டுக்குழுக்காரி
தலையைத் தூக்கினாள்.
வேறு யாரையோ தேடுகிறவள்போல
வாசல்வரை நடந்தேன். பிறகு ஓடினேன்.
எங்கள் கரையில் இரகசியம் என்பது
பஸ்ஸில் ஏற்றிய மீன்கூடை.
எத்தனை சாக்குப் போட்டு மூடினாலும்
அடுத்த நிறுத்தத்தில் ஒருவன் மூக்கைத் திருப்புவான்.

குச்சியைக் குப்பியில் இறக்கியாயிற்று.
குப்பியை எங்கே நிறுத்த?
அட்டைப் படத்தில் அந்தப் பெண்ணுக்கு
மேசை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, பூச்செடிகூட.
எனக்கு ஃப்ளஷ் தொட்டியின் மூடி. அதுவும் ஆடுகிறது.
ஒன்பது பத்து.
இருபது நிமிடத்துக்கு முன் பார்க்கக் கூடாது,
நாற்பதுக்குப் பின் நம்பக் கூடாது.

வெளியே கண்டக்டர்கள்.
தக்கலை, தக்கலை, மார்த்தாண்டம்,
களியக்காவிளை ஏறு.
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு லாட்ஜ்,
ஒரு பின்பக்கப் படி.
உறை வேண்டாம் என்று நூறு ரூபாய் கூட்டித் தந்தவன்
தக்கலையா, மார்த்தாண்டமா?
அந்த நூறில் என்ன வாங்கினேன்?
அதுதான் ஞாபகம் வரவில்லை.
அதுதான் வெப்ராளமாக இருக்கிறது.

கதவில் வாளி இடிக்கிறது.
"யாருட்டி உள்ள? அஞ்சு ரூவாய்க்கு
குடியிருக்க வந்தியா?"
ஞானபாய்.
"வயிறு சரியில்லக்கா."
கொஞ்சம் மௌனம்.
பிறகு அவள் வேறு யாரிடமோ சொல்வது கேட்கிறது:
"மூணாவது அடைச்சிக் கெடக்கு. நாலுக்குப் போ."

ஒன்பது முப்பத்தொன்று.
சி பக்கம் ஒரு கோடு. அது எல்லாருக்கும் வரும்.
டி பக்கம்
கோடு என்று சொல்ல முடியாத ஒன்று,
நகத்தால் கீறினதுபோல.
கைபேசியின் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன்.
அணைத்துவிட்டும் பார்த்தேன்.

"மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான்," என்றாள் பினுஷா.
"ஆனா அது தீர்ப்பு இல்லட்டி.
நம்பிக்கை மையத்துல இன்னொருக்க பாக்கணும்.
உள்ளதுதான்னாலும் மாத்திரை இருக்கு,
நான் ஏழு வருசமா முழுங்குகேன்."
ஏழு வருடமாக இவளோடு ஒரே தட்டில் தின்கிறேன்.
சொன்னதே இல்லை பாவி.

"நீ வாறியா?"
"பஸ் ஸ்டாண்டுலயே நில்லு."
"அங்க என் பேரக் கூப்பிட்டா..."
"நான் எழும்புகேன். நீ பின்னால வா."

ஞானபாய் கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பத்து ரூபாய் வாங்கினாள்.
நியாயமான கணக்குதான்.

ஆசாரிப்பள்ளம் பஸ் கிளம்ப நேரம் இருந்தது.
இப்போது
சாயா குடிக்கலாம்.