கையிருப்பு

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்திலிருந்து
கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தது கட்டு.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
கண்டக்டர் காலடியில் உருண்டதில்
ஒரு மூலை நசுங்கியிருந்தது.
நாற்பது ஸ்டிக்கர். எண்ணித்தான் வாங்கினேன்.
பச்சை வட்டம், நடுவில் படகு,
'பரிசோதிக்கப்ப்பட்டது' என்பதில்
ஒரு ப் அதிகம்.
விடுங்க, ஏரி என்ன தமிழாசிரியரா
என்றான் பெலிக்ஸ்.

நாங்கள் ஒன்பது பேர். சம்பளம் கிடையாது.
டீ உண்டு. அதற்குத் தனிக் கணக்கு.
ஒண்டிக்கடையில் ஜெராக்ஸ் மிஷின் வைத்திருக்கும் பாவத்துக்கு
பொருள் இருப்பும் மாத அறிக்கையும்
என் தலையில்.
கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுக்குக் கீழே
தகர அலமாரியில் பாதி, ஏரியுடையது:
விசில் அறுபது, நைலான் கயிறு இரண்டு சுருள்,
ஜாக்கெட் கொக்கி ஒரு டப்பா,
கார்பன் தாள்,
மூன்று பிரதிப் படிவம்.

ஊதிப் பார்க்காத விசிலை
விசில் என்று ஏட்டில் ஏற்றக்கூடாது.
ஊதியதைச் சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும்.
அறுபதையும் கொடியில் கோத்துக் காயப்போட்ட அன்று
மலைக்காற்று புகுந்து
ஒன்றிரண்டு தாமாகவே முனகின.
அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

ஜாக்கெட்டுக்குப் பூஞ்சைதான் எதிரி.
ஐப்பசி மூட்டம் உள்ளே ஏறினால்
பங்குனி வெயிலுக்கும் இறங்காது.
சடையன் ஒவ்வொன்றிலும் ஏழு கிலோ கல்லைக் கட்டி
கரையோரம் மிதக்கவிடுவார்.
மூழ்கினால் சிவப்பு நாடா.
போன மாதம் பதினொன்று.
'கல்லுக்கு நீச்சல் தெரியாதுங்க' என்றார்
படகுத்துறை மேனேஜர்.
அதைக் குறிப்புரையில் அப்படியே எழுதி
அனுப்பிவிட்டேன்.

கோடை விழா முடிந்த திங்கள் இரவு
ஏட்டைத் திறக்கிறேன்.
வரவு நாற்பது.
தேறிய படகு முப்பத்தொன்று, படிவமும் முப்பத்தொன்று.
மீதி ஒன்பது.
எண்ணுகிறேன், எட்டு.
விரலில் எச்சில் தொட்டு எண்ணுகிறேன்,
எட்டு.

பெலிக்ஸுக்கு போன் போட்டேன்:
பையன் சைக்கிளில் ஒட்டிவிட்டானா?
நூர்ஜஹான் டீச்சரைக் கேட்டேன்:
பையில் எங்காவது?
சடையன் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மௌனத்தைக்கூட
ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன்.

விளக்கை அணைத்த பிறகுதான் நினைவு வந்தது.
ஞாயிறு நாலு மணி, திடீர் மழை,
டிக்கெட் வரிசையில் இரைச்சல்,
பதினேழாம் எண் அன்னப் படகு.
புதுப் புடவை நனைய ஒருத்தி நிற்க
ஈரக் கையால் நானே ஒட்டினேன்,
படிவத்தை அப்புறம் பார்க்கலாம் என்று.
பெடலை மிதித்துப் பார்க்கவில்லை.
அடியில் குனியவில்லை.

போனார்கள். வந்தார்கள்.
போட்டோ எடுத்தார்கள்.
யாருக்கும் தெரியாது.
'சேதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் ஒன்று என்று போட்டால்
நசுங்கிய மூலை எனக்காகச் சாட்சி சொல்லும்.

எழுந்து விளக்கைப் போட்டேன்.
'ஸ்டிக்கர் ஒன்று, பரிசோதிக்காமல் ஒட்டப்பட்டது'
என்று எழுதி
அடித்து
'ஒட்டினேன்' என்று எழுதினேன்.
மூன்று பிரதியிலும் விழ வேண்டும்,
அழுத்தி.

காலை ஆறரை. ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை,
படகுகள் முட்டும் சத்தம் மட்டும்.
பிளேடால் சுரண்டினேன்.
கிழிந்து கிழிந்து வந்து
'பட்டது' மட்டும் மிஞ்சி
வெகுநேரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு முறைப்படி பார்த்தேன்:
பெடல், சுக்கான், அடைப்பான், கயிறு,
ஜாக்கெட் இரண்டு, கொக்கி நான்கு.
ஒரு குறையும் இல்லை.
உண்மையைச் சொன்னால்
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

புதுப் படிவம்.
புது ஸ்டிக்கர், அதே கூடுதல் ப்.
கையிருப்பு ஏழு.
டீ ஒன்று.