பக்கத்து மைக்

குடியரசுத் தலைவரை
மக்களே நேராகத் தேர்ந்தெடுப்பார்கள் என்று
ஐம்பதில் எழுதிய சட்டத்தில் ஒரு வரி.
அந்த வரியால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

பிரவீண் பாஸான டீச்சர் ஒருத்தி வேணும் என்று
மஹால் ஏழாம் தெருவுக்கே ஜீப் வந்தது.
அப்பா சாயக் கையைத் துடைக்காமல் எழுந்து நின்றார்.
வீட்டில் சௌராஷ்டிரம், வாசலில் தமிழ்,
டியூஷனில் இந்தி.
மூன்றையும் ஒரே நாக்கில் வைத்திருப்பவளை
மூன்று பக்கத்திலும் முழுசாக நம்புவதில்லை.

மேல்சபை மெம்பர் கீழமாத்தூர் சோணைமுத்து
அறுபத்தைந்தில் ஜங்ஷன் போர்டில்
இந்தி எழுத்தின் மேல் தார் பூசியவர்.
சம்பளக் கவரை நீட்டியபோது
நகக்கண்ணில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.
சுத்தமாக இருந்தது.
"டீச்சரம்மா, நான் சொல்றத அப்படியே சொல்லணும்.
கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது."

தமுக்கத்தில் அவருக்கு ஒரு மைக், எனக்கு ஒரு மைக்.
அவருடையது கோரிப்பாளையம் வரை கேட்கும்.
என்னுடையது எனக்கே கேட்காது;
கம்பி வழியே விஜயவாடா, இட்டார்சி தாண்டி
நான் பார்த்தேயிராத ஊர்களின்
டீக்கடை ரேடியோவில் போய் இறங்கும்.

மாட்டுக் கடன் தள்ளுபடி என்றார். சொன்னேன்.
கிணற்றுக்குக் கிணறு மோட்டார். சொன்னேன்.
டெல்லி மாளிகையில் முந்நூற்றுச் சொச்சம் அறையாம்,
எனக்கு ஒன்று போதும்,
மீதி பூராவும் பிரசவ ஆஸ்பத்திரி என்றார்.
அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது.
நானும் கைதட்டியிருப்பேன்,
கையில் பேப்பர் இருந்தது.

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டு
வட்டிக்கடைத் தெரு இருக்கும் திசைக்குத் திரும்பினார்.
"நோட்டுல பேரெல்லாம் எழுதி வச்சிருக்கேன்.
ஜெயிச்ச மறுநாள்
கணக்கு தீர்ப்போம்."

முன்வரிசையில் ஒருவன்
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்,
ஓடத் தயாராகிறவன் போல,
அல்லது துரத்த.

எனக்கு இருந்தது ஒரு மூச்சு.
தீர்ப்போம்.
கொடுப்போம்.
கணக்கு கொடுப்போம் என்றேன் இந்தியில்.
பைசா பைசாவாக என்று
கூட்டவும் செய்தேன்.

மூன்றாம் நாள் வடநாட்டுப் பேப்பரில் கொட்டை எழுத்து:
மக்களிடம் கணக்குக் காட்ட
தெற்கிலிருந்து ஒருவர் வருகிறார்.
படித்துக் காட்டினேன்.
"அப்படியா சொன்னேன்?" என்றார்.
அந்த மாதக் கவரில் ஐம்பது ரூபாய் அதிகம்.

இன்று மெடிக்கல் காலேஜில் எண்ணுகிறார்கள்.
இங்கே பெட்டி பெட்டியாக விழுந்திருப்பது
தீர்ப்பவருக்கு.
அங்கே, கொடுப்பவருக்கு.
இரண்டையும் ஒரே பேருக்கு நேரே
கூட்டிப் போடுகிறார்கள்.

அப்படியே சொல்லியிருந்தால் தோற்றிருப்பார்.
தோற்றவர் திரும்பி வருவதும் இந்த ஊருக்குத்தான்,
அந்த நோட்டோடு.
அதையும் யோசிக்காமல் இல்லை.

ராத்திரி பதினொன்றுக்கு ஜீப் வந்து நிற்கிறது.
"அங்க குளிராம், கம்பளி எடுத்துக்கச் சொன்னாரு"
என்கிறான் டிரைவர்.
சீட்டில் நீல அட்டை நோட்டு.
ரயிலிலேயே உட்கார்ந்து
இந்தியில் எழுதித் தர வேண்டுமாம், காலையில் தேவைப்படுமாம்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் பிரிக்கிறேன்.
முதல் பக்கம், இரண்டாம் பக்கம்,
எல்லாம் பேர்கள்.
பேருக்கு
வேறு சொல் கிடையாது.